கயிறு பிடித்தவர்

“ஊர்ல யார வேணா கேளு பாக்கியம். என்னை மட்டும் கேக்காத.”

“நான் இன்னா கேக்கப் போறேன்?”

“கேப்ப. இனிமே உன் வேலையே அதான? ஊடு ஊடா போயி, வாங்க, வந்து சொல்லுங்கன்னு கேக்கறது. போ, நான் தடுக்கல. நம்ம ஊட்ல மட்டும் அந்தப் பேச்சு வேணாம்.”

“சரி.”

“சரின்னா?”

“கேக்க மாட்டேன். போதுமா? மொதல்ல கையக் காட்டுங்க.”

ஏசுபாதம் இரண்டு கைகளையும் நீட்டினார். உள்ளங்கைகளின் குறுக்கே கயிறு அறுத்த கோடு இன்னும் ஆறாமல் சிவந்திருந்தது. பாக்கியவதி தேங்காய் எண்ணெயில் மஞ்சளைக் குழைத்து விரல் நுனியால் தடவினாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரில் இருந்த காலண்டரையே பார்த்தார். அடுத்த அறையில் மகள் கரோலின் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். “அப்பா கைக்கு இன்னாம்மா ஆச்சு?” என்று அவள் கேட்டபோது, “எலக்ட்ரிக் வேலைல கேபிள் இழுத்தாரு” என்று பாக்கியவதிதான் சொன்னாள். அவர் சொல்லித் தரவில்லை. அவளாகவே சொன்ன பொய் அது.

இது நடந்து நாலு வருடம் ஆகிவிட்டது. சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்துக்கொண்டு நின்ற பாக்கியவதிக்கு அன்றைய பேச்சு ஒரு வார்த்தை விடாமல் நினைவுக்கு வந்தது. ஏன் வருகிறது என்று அவளுக்கே புரியவில்லை. இன்றைக்கு அவள் யாரையும் கேட்க வேண்டியதில்லை. கேட்க வேண்டியவனைக் கேட்டு, சம்மதிக்க வைத்து, சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தாகிவிட்டது. அவனை பெங்களூர் விசாரணைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஒன்றுதான் பாக்கி.

பக்கத்தில் பெஞ்சில் சம்பங்கி உட்கார்ந்திருந்தாள். நாகேஷின் மனைவி. ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் இருந்த கக்கூஸ் குழியில் இறங்கி, மேலே வராமல் போன நாகேஷ். மறுநாள் முகூர்த்தம் இருந்தது. குழி நிரம்பி வழிந்தது. காண்ட்ராக்டர் பக்கத்தில் நின்று இறங்கச் சொன்னார் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் காண்ட்ராக்டர் சொல்வது வேறு. நாகேஷ் குடித்திருந்தானாம், கையிலிருந்த செல்போன் உள்ளே விழுந்துவிட்டதாம், அதை எடுக்க அவனே இறங்கினானாம். கூட யாருமே இல்லையாம்.

கூட இருவர் இருந்தார்கள். வாளி இழுத்தவன் விநாயக். கயிறு பிடித்தவர் ஏசுபாதம்.

விநாயக் இருந்தது வெளியே தெரியும். அவனும் கேட்கிறவர்களிடமெல்லாம் “கயிறு புடிச்ச ஆளு இன்னொருத்தர்” என்று சொல்லுவான், பெயரைச் சொல்ல மாட்டான். அது ஏசுபாதம் அவனிடம் கேட்டுக்கொண்டது. ராபர்ட்சன்பேட்டையில் பேக்கரிக்கு மேலே இருக்கும் ‘உடனிருப்பு’ ஆபீசில் விநாயக் உட்கார்ந்து ஒவ்வொரு முறை அதைச் சொன்னபோதும், டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு பாக்கியவதி எழுந்து போயிருக்கிறாள்.

குழியில் இறங்கிச் செத்தவர்களின் குடும்பங்களுக்காக வழக்கு நடத்தும் அமைப்பு அது. மேடையில் பேச மனோகர் சார் இருக்கிறார். சட்டம் பேச வக்கீல் ஷில்பா இருக்கிறாள். பாக்கியவதியின் பெயர் எந்த நோட்டீசிலும் வராது. ஆனால் யார் வாயைத் திறந்தாலும் அதற்குப் பின்னால் அவள் இருப்பாள். சாட்சி சொல்ல வருகிறவர்களுக்கு முதல் நாள் சாப்பாடு இறங்காது. எலுமிச்சை ரசம் வைத்து எடுத்துப் போவாள். எந்த ஆபீசில் பெண்கள் போகும்படி கக்கூஸ் இருக்கிறது, எந்தப் படியில் கைப்பிடி இல்லை என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. விசாரணை அறையில் எப்போதும் கதவோர நாற்காலியில் உட்காருவாள். “பேச்சு வரலன்னா திரும்பிப் பாரு. என் மூஞ்சி தெரியும்” என்பாள். திரும்பிப் பார்த்தவர்கள் எல்லோரும் பேசியிருக்கிறார்கள்.

“விநாயக் எங்க பாக்கியம்மா?” என்றாள் சம்பங்கி.

“வருவான். வண்டி வர்ற நேரத்துக்குத்தான் வரச் சொல்லிகீறேன். முன்னாடியே வந்து நின்னா எவனாவது பாப்பான்.”

எல்லாம் யோசித்துத்தான் செய்திருந்தாள். காரில் கூட்டிப்போனால் பங்காரப்பேட்டை தாண்டுவதற்குள் காண்ட்ராக்டரின் ஆட்கள் மடக்கிவிடுவார்கள். ரயில் அப்படியில்லை. பெங்களூருக்கு வேலைக்குப் போகிற கூட்டம் முழுக்க அவளுக்குத் தெரிந்த கூட்டம். லேடீஸ் பெட்டியில் ஏறும் பெண்கள் ஒரு ஆளைச் சுற்றி நின்றுகொண்டால் எந்தக் கொம்பனும் உள்ளே கையை விட முடியாது. சாம்பியனில் ஏறி, பெங்களூர் கண்டோன்மெண்டில் இறங்கி, அங்கே காத்திருக்கும் ஷில்பாவின் கையில் விநாயக்கை ஒப்படைக்க வேண்டும்.

மாரிகுப்பம் பக்கத்திலிருந்து வண்டி வந்து நின்றது. ஜன்னல் எல்லாம் ஏற்கெனவே முகங்கள். பாக்கியவதி பிளாட்பாரத்தை இரண்டு பக்கமும் பார்த்தாள். விநாயக் இல்லை.

“அக்கா! பாக்கியக்கா! ஏறு, ஏறு!” லேடீஸ் பெட்டி வாசலில் லதா நின்று கத்தினாள். ஒயிட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்ப்பவள். தினமும் பெட்டியையே சிரிக்க வைக்கிற லதாவின் முகத்தில் இன்று சிரிப்பு இல்லை.

“விநாயக் வரல லதா.”

“அவன் வந்துட்டுப் போயிட்டான்க்கா. நீ ஏறு மொதல்ல.”

சம்பங்கியை இடுப்பில் கை கொடுத்து ஏற்றிவிட்டு, தானும் ஏறினாள். வண்டி நகர்ந்தது. ஜன்னலோரத்தில் ஒரு இடம் காலியாக இருந்தது. அதன் மேல் ஒரு துணிப்பை. அந்தப் பையைப் பாக்கியவதிக்குத் தெரியும். நேற்று அவள்தான் அதில் வெள்ளைச் சட்டையை மடித்து வைத்துக் கொடுத்தாள்.

“இன்னா நடந்துது?”

“ரிட்டன் வந்தான்க்கா.”

அவ்வளவுதான் சொன்னாள் லதா.

சாம்பியனில் ஏறுகிறவர்களுக்கு அது பழக்கம். பங்காரப்பேட்டையிலிருந்து வண்டி காலியாக மேலே வரும். கடைசி ஸ்டேஷனான மாரிகுப்பம் போய்த் திரும்பி வரும்போது நிற்கக்கூட இடம் கிடைக்காது. அதனால் போகும்போதே ஏறி, சீட்டைப் பிடித்து, மாரிகுப்பத்தில் உட்கார்ந்திருந்து, திரும்பித் தன் ஸ்டேஷனையே கடந்து பெங்களூர் போவார்கள். அதற்குப் பெயர் ரிட்டன் போவது. லதா ரிட்டன்தான். கடைசிப் பெட்டியில் ஏசுபாதமும் அவருடைய சீட்டாட்ட கோஷ்டியும் ரிட்டன்தான். பாக்கியவதியே பெங்களூர் போகும் நாளில் ரிட்டன்தான். சம்பங்கியால் வேகமாக நடக்க முடியாது என்பதால் இன்று ஒருநாள் போகவில்லை.

சாம்பியனில் ஏறு என்று விநாயக்கிடம் சொன்னாள். எந்தப் பெட்டி என்று சொன்னாள். யாரிடமும் பேசாதே என்றும் சொன்னாள். ரிட்டன் போகாதே என்று சொல்ல வேண்டும் என அவளுக்குத் தோன்றவே இல்லை. சோறு சாப்பிடுமுன் கையைக் கழுவு என்று யாராவது தனியாகச் சொல்வார்களா?

“சம்பங்கியக்காவுக்கு முட்டி வலி, நிக்க முடியாது, எடம் புடிச்சி வெக்கறேன்னு எங்கூடவே லேடீஸ் பொட்டில ஒக்காந்தான்” என்றாள் லதா. “மாரிகுப்பத்துல வண்டி நின்னுகினு இருந்துது. ஆளே இல்ல. ஃப்ரெடி வந்தான்க்கா, காண்ட்ராக்டர்கிட்ட சூப்பர்வைசரா கீறானே அவன். கூட ரெண்டு பேரு. அம்மாவுக்கு நெஞ்சு வலிடா, வாடான்னு தோள்ல கை போட்டான். நான் கத்தனேன்க்கா. ‘ஏய், லேடீஸ் பொட்டில இன்னாடா வேலை’ன்னு கத்தனேன். விநாயக் என்னைப் பாத்தான். பையைக் கூட எடுக்கல. போயிட்டான்.”

சாம்பியனில் வண்டி மூச்சு விடுகிற நேரம்தான் நிற்கும். பிளாட்பாரம் முழுக்கக் கூட்டம். மாரிகுப்பத்தில் காலியாக நிற்கும். இது ஃப்ரெடிக்கும் தெரியும். அவனும் இந்த ஊர்க்காரன்தானே.

விநாயக்கின் போன் அணைக்கப்பட்டிருந்தது. பாக்கியவதி ஷில்பாவைக் கூப்பிட்டாள்.

“மனோகர் சாரை பேகா, சீக்கிரமா, அவன் வீட்டுக்கு அனுப்பறேன்க்கா” என்றாள் ஷில்பா. தங்கச் சுரங்கத்துக் குடியிருப்பான ஸ்கெலட்டனில் பிறந்து பெங்களூரில் படித்த பெண். அவசரத்தில் கன்னடமும் தமிழும் கலந்துவரும். “ஆனா ஒரு விஷயம். இன்னைக்கு வேற டேட் கேக்க முடியாது. போன ஹியரிங்லயே விசாரணை அதிகாரி கிளியரா சொல்லிட்டாரு. நேர்ல பாத்த ஒருத்தர் வந்து நிக்கணும். இல்லாட்டி தவறி விழுந்த சாவுன்னு எழுதி மூடிடுவாரு. மூடினா மூடினதுதான்.”

“வேற யாராவது…”

“வேற யாருக்கா? அந்த கயிறு பிடிச்ச ஆளு பேரு தெரிஞ்சாலாவது கெஞ்சிப் பாக்கலாம். உங்களாலயே கண்டுபிடிக்க முடியல. யாரா இருந்தாலும் கண்டுபிடிச்சுடுவீங்களே நீங்க!”

பாக்கியவதி போனை வைத்தாள்.

உரிகம் வந்தது. கூட்டம் நெருக்கிக்கொண்டு ஏறியது. பின்னால் கரோலினின் நிச்சயதார்த்தப் பேச்சு ஆரம்பித்திருந்தது. இந்தப் பெட்டிப் பெண்களுக்கு விநாயக் யார், எதற்கு வந்தான் என்பதெல்லாம் பாதிதான் தெரியும். வருகிற ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கரோலினுக்கும் இவானுக்கும் நிச்சயம் என்பது முழுசாகத் தெரியும்.

“பாக்கியக்கா, லேடீஸ் பொட்டிக்குத் தனிப் பந்தி போட்டுடு, சொல்டேன்.”

“மாப்ளையே நம்ம ஜன்னல் வழியா வந்தவன்தான? கரோலின் பைய வாங்கி வாங்கி உள்ள போட்டு எடம் புடிச்சிக் குடுத்தான். கடைசில பைய விட்டுட்டுப் பொண்ணப் புடிச்சிகினான்!”

சிரிப்பு எழுந்தது. பாக்கியவதியும் உதட்டைச் சிரிப்பதுபோல் வைத்துக்கொண்டாள். இவான் நல்ல பையன். அவனுடைய அப்பா ஆபிரகாம், ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், சர்ச்சில் மூப்பர். பெண் பார்க்க வந்தபோது காபியைக் குடித்துக்கொண்டே, “எங்க குடும்பத்துல அப்பா காலத்துலேர்ந்து எல்லாரும் கௌரவமான உத்தியோகம்” என்றார். ஏசுபாதம் தன் கைகளை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார். சுரங்கத்தை மூடியபின் செக்யூரிட்டி வேலை, லீவு நாளில் எலக்ட்ரிக் வேலை என்று பாக்கியவதி சொன்னாள். அன்றைக்கும் அவள்தான் சொன்னாள்.

போன் அடித்தது. விநாயக்கின் அம்மா தாயம்மா.

“தாயம்மாக்கா! விநாயக் எங்க கீறான்?”

“ஊட்ல கீறான். இட்லி துன்னுகினு கீறான். உன் மனோகர் சாரு வாசல்ல நிக்கறாரு, போகச் சொல்லு.”

“உங்களுக்கு நெஞ்சு வலின்னு…”

“எனக்கு ஒண்ணியும் இல்ல. கல்லு மாரி கீறேன்.”

“ஃப்ரெடி மெரட்டினானா? சொல்லுங்க, போலீசுக்குப் போலாம்.”

“மெரட்டல. காலைல இவன் கெளம்பினதும் வந்து, கூடத்துல ஒக்காந்து காபி கேட்டான். குடிச்சான். உங்க சின்னவன் எந்த பஸ்ல காலேஜ் போறான்னு கேட்டான். டம்ளரக் கீழ வெச்சிட்டுப் போயிட்டான். இதுக்கு எந்த போலீசு வரும்?”

பாக்கியவதி போனை அடுத்த காதுக்கு மாற்றினாள்.

“பாக்கியம், போன வாரம் என் ஊட்ல வந்து ஒக்காந்தியே, அப்ப நீ இன்னா கேட்ட? புள்ளய அனுப்புங்கன்ன. நான் இன்னா கேட்டேன்?”

“அக்கா…”

“உன் ஊட்டு ஆளா இருந்தா அனுப்புவியாடின்னு கேட்டேன். நீ சிரிச்சிகினே அனுப்புவேன்ன. எம் புள்ள எங்கிட்ட எதையும் மறைக்கல பாக்கியம். அன்னிக்கு கயிறு யாரு புடிச்சதுன்னு எனக்கும் தெரியும். நாலு வருசமா வாயத் தொறந்தேனா? உம் பொண்ணுக்கு நல்லது நடக்கப்போவுதுன்னு பொத்திகினு இருந்தேன். எனக்கும் புள்ளைங்க கீதுங்க. இன்னிக்கு நீ அனுப்பு உன் ஊட்டு ஆள.”

போன் துண்டிக்கப்பட்டது. கோரமண்டல் ஸ்டேஷன் பின்னால் போயிற்று. பாக்கியவதி வெகுநேரம் போனைக் காதிலேயே வைத்திருந்தாள். யாருடனோ பேசிக்கொண்டிருக்கிறாள் என்று மற்றவர்கள் நினைக்கட்டும்.

“வர மாட்டானாமா?” என்றாள் சம்பங்கி.

“இல்ல.”

சம்பங்கி அழுவாள் என்று நினைத்தாள். அழவில்லை. விநாயக் பிடித்துவைத்த ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, வெளியே சுரங்கக் கழிவான சயனைடு மண்மேடு மெல்ல விலகிப் போவதைப் பார்த்தாள்.

“பாவம், சின்னப் பையன். அவன் மேல கோவம் இல்ல. பங்காரப்பேட்டைல எறங்கி நாம திரும்பிடலாமா? ஒனக்கும் நிச்சயதார்த்த வேலை இருக்கும்.”

“இருங்க, பாக்கலாம்.”

“இன்னொரு ஆளு இருந்தாருன்னு விநாயக் சொல்லுவான்ல? கை அறுந்து ரத்தம் வந்துதாம், அப்பவும் கயித்த வுடலியாம். நாகேசு கைதான் வுட்டுடுச்சாம்.” சம்பங்கி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “அப்டி ஒரு ஆளு இந்த ஊர்ல எங்கியோ கீறாரு. ஒருநா பாத்தா, சண்ட போட மாட்டேன். கடேசியா நாகேசு எதுனா சொன்னாரான்னு கேப்பேன். அவ்ளோதான்.”

பாக்கியவதி எழுந்தாள். உட்கார்ந்திருக்க முடியவில்லை. அந்த மனுஷனுடன் அவள் ஒரே தட்டில் சாப்பிடுகிறாள். அவர் தூக்கத்தில் கை விரல்களை இறுக்கி மூடிக்கொள்வதைப் பக்கத்தில் படுத்துப் பார்க்கிறாள். இந்தப் பெண்ணின் வீட்டிலோ வாரத்துக்கு இரண்டு தடவை உட்கார்ந்து, தைரியமாக இருங்கள் என்று சொல்லிவிட்டு வருகிறாள்.

“லதா, இவங்களப் பாத்துக்க. கண்டோன்மெண்ட் வரைக்கும் வரணும். எறங்க வுட்டுடாத.”

“நீ எங்கக்கா போற?”

“கடைசிப் பொட்டிக்கு.”

பங்காரப்பேட்டையில் வண்டி நின்றதும் குதித்து இறங்கினாள். விநாயக்கின் பை கையோடு வந்துவிட்டது. பிளாட்பாரத்தில் இட்லிக் கூடைகளையும் எதிரே வந்த கூட்டத்தையும் தள்ளிக்கொண்டு ஓடினாள். சாதாரணமாக அவள் ஓடுவதில்லை. மற்றவர்களுக்கு, “ஓடாதீங்க, ஓடினா பயந்தது தெரிஞ்சிடும்” என்று சொல்லிக் கொடுப்பவள். வண்டி அசைந்தபோது கடைசிப் பெட்டியின் கம்பியைப் பிடித்துவிட்டாள். யாரோ ஒருவர் தோளைப் பற்றி உள்ளே இழுத்தார்.

“இன்னா தங்கச்சி இது! கை வுட்டிருந்தா இன்னா ஆயிருக்கும்?”

டேவிட். கணவருடைய சீட்டாட்டக் கூட்டாளி. நாலு பேர் முட்டியோடு முட்டி இடித்து உட்கார்ந்து, நடுவில் துண்டை விரித்துச் சீட்டுப் போட்டிருந்தார்கள்.

“யோவ் ஏசு, டிபன் பாக்ஸ மறந்துட்டியா? வூட்டம்மா தொரத்திகினு வந்துகீது பாரு.”

“டிபன் பாக்ஸ் இல்லப்பா, கைல துணிப்பை. மனுசன வூட்ட வுட்டு அனுப்புது!”

பெட்டி சிரித்தது. செக்யூரிட்டி யூனிஃபார்மில் இருந்த ஏசுபாதம் மட்டும் சிரிக்கவில்லை. அவர் பார்வை பாக்கியவதியின் முகத்துக்கு வந்து, பைக்குப் போய், அங்கேயே நின்றது. கையிலிருந்த சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தார். எழுந்து, தன் இடத்தை அவளுக்கு விட்டு, பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஒக்காரு. மூச்சு வாங்குது பாரு.”

உட்கார்ந்தாள். அவர் குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

“பாத்தேன்.”

“எத?”

“மாரிகுப்பத்துல. ஃப்ரெடி அவன இட்டுனு போனத. எங்க ஜன்னலத் தாண்டித்தான் போனாங்க. அந்தப் பையன் என்னை ஒரு பார்வை பாத்தான்.” கம்பியைக் கை மாற்றிப் பிடித்தார். “எந்திரிக்கணும்னுதான் நெனச்சேன். கைல சீட்டு இருந்துது. அதப் பாத்துகினே ஒக்காந்துட்டேன்.”

பாக்கியவதி பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். டேக்கல் ஸ்டேஷன் போனது. எதிர் வரிசையில் டேவிட் சீட்டைக் கலைத்துப் போட்டார். “ஏசு ஆட்டத்துக்கு வரலியா? சரி, குடும்ப ஆட்டம் நடக்குது, வுட்ருங்கப்பா.”

“அந்தம்மா சாப்ட்டாங்களா?” என்றார் ஏசுபாதம்.

“யாரு?”

“நாகேஷ் சம்சாரம்.”

“இன்னும் இல்ல.”

“முட்டி வலின்னு சொல்லுவியே. எடம் கெடச்சிதா?”

“விநாயக் புடிச்சி வெச்சிட்டுப் போனான்.”

அவர் தலையசைத்தார். மாலூர் வந்தது. இன்னும் கூட்டம் ஏறி அவரை அவள் பக்கமாக நெருக்கியது. தன் முழங்கை அவள்மேல் படாமல் கம்பியை இறுக்கிப் பிடித்து நின்றார். கல்யாணமான புதிதில், இதே வண்டியில், இப்படித்தான் நிற்பார். கூட்டம் எவ்வளவு தள்ளினாலும் அவளைச் சுற்றி ஒரு சாண் இடம் இருக்கும். அந்த ஒரு சாண் இடத்தில்தான் இருபத்தைந்து வருடம் அவள் பத்திரமாக நின்றிருக்கிறாள். இன்று அதைத் தன் வாயாலேயே கலைக்க வேண்டும்.

“கேஸ மூடிடுவாங்களா?” என்று கேட்டார்.

“இன்னிக்கே. நேர்ல பாத்தவங்க யாரும் வரலன்னா.”

“கரோலின்கிட்ட பேசினியா?”

“இல்ல.”

“ஞாயித்துக்கெழம…” என்று ஆரம்பித்து விட்டுவிட்டார். அவர் எதை நினைக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். வெள்ளைச் சட்டை, சர்ச்சின் முன்வரிசை, மூப்பர் ஆபிரகாமுக்குக் கை கொடுப்பது. கை கொடுக்கும்போது ஆபிரகாம் உள்ளங்கைத் தழும்பைப் பார்ப்பாரோ என்ற பயம். அந்தப் பயம் அவளுக்கும் இருந்தது. இவான் ஒருவேளை புரிந்துகொள்வான். ஆபிரகாம் புரிந்துகொள்ள மாட்டார். கரோலின் என்ன சொல்வாள்? ‘என்கிட்ட ஏம்மா பொய் சொன்ன’ என்றுதான் முதலில் கேட்பாள்.

“ஊட்டுக்கு வந்து பேசிக்கலாம் பாக்கியம்” என்றார் மெதுவாக.

“ஊட்ல பேச மாட்டேன்னு சொல்லிகீறேன்.”

சட்டென்று நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அந்தப் பேச்சு அவருக்கும் ஒரு வார்த்தை விடாமல் நினைவிருக்கிறது என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது.

வண்டி வேகம் குறைந்தது. ஒயிட்ஃபீல்டு. பெட்டியில் பாதிக்கு மேல் இங்கே இறங்குகிறவர்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். டேவிட் துண்டை உதறித் தோளில் போட்டார். மேலே தொங்கிய பைகள் கைமாறின. ஏசுபாதம் தன் சாப்பாட்டுப் பையை எடுத்தார். அவளிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கூட்டம் அவரை வாசல் பக்கம் இழுத்துக்கொண்டு போயிற்று.

நாலு பேர் தள்ளி அவருடைய முதுகு தெரிந்தது. நீல யூனிஃபார்ம், கழுத்தில் வியர்வை. இன்னும் இரண்டு அடி வைத்தால் பிளாட்பாரம். இறங்கிவிட்டால் நாலு மணி நேரம் கழித்து எங்கோ ஒரு அறையில், ஒரு அதிகாரி பேனாவை எடுத்து, நாகேஷ் தன் செல்போனுக்காகச் செத்தான் என்று எழுதிவிடுவார். சம்பங்கி அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பேச்சு வராமல் திரும்பிப் பார்ப்பாள். கதவோர நாற்காலியில் எந்த முகத்தை வைத்துக்கொண்டு உட்காருவது?

மெதுவாகச் சொல்ல இனி வழியில்லை. சொன்னால் பெட்டி முழுக்கக் கேட்கும். பெட்டி முழுக்க இந்த ஊர்க்காரர்கள். சாயங்காலம் வண்டி திரும்புவதற்குள் ராபர்ட்சன்பேட்டை வரை போய்விடும்.

பாக்கியவதி சீட்டின் மேல் ஏறி நின்றாள்.

“கரோலினப்பா!”

எல்லோரும் திரும்பினார்கள். கடைசியாக அவர் திரும்பினார். ஒரு கை வாசல் கம்பியில் இருந்தது. கூட்டத்துக்கு மேலே அவளுடைய முகம் அவருக்கு நன்றாகத் தெரிந்தது. அவள் கண்ணை எடுக்கவில்லை.

“எறங்காதீங்க” என்றாள். குரல் வாசல் வரை கேட்டது. “எங்கூட கண்டோன்மெண்டுக்கு வாங்க. நாகேஷ எறங்கச் சொன்னது யாரு, கயிறு புடிச்சது யாருன்னு, நீங்களே வந்து சொல்லுங்க.”